தெயும்மான்: தலை மட்டும் நினிவே போய்ச் சேர்ந்த ஈலாம் அரசன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஈலாம் பற்றி எழுதினாலே வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் தெயும்மான் என்ற ஒரே ஒரு அரசனை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் ஆட்சி, அசீரியாவோடு அவருக்கிருந்த பகை, அந்தப் பகை போய் முடிந்த விதம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கொஞ்சம் ரத்தம் தெறிக்கும் கதை. சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

யார் இந்தத் தெயும்மான்? பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டதே இல்லையே?

கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவுதான். கி.மு. 664 வாக்கில் ஈலாமின் அரியணையில் ஏறி, கி.மு. 653-இல் போர்க்களத்தில் செத்தவர். அசீரியப் பேரரசன் அசுர்பானிபாலின் எதிரி. 11 வருட ஆட்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி இவரைக் கொன்ற தரப்பு எழுதிவைத்தது. அசுர்பானிபாலின் களிமண் பட்டயங்கள் இவரை அறிமுகப்படுத்தும்போதே ‘பேயின் மறுஉரு’ என்கிற மாதிரித்தான் ஆரம்பிக்கின்றன. கொலை செய்தவன் எழுதிய இரங்கல் குறிப்பை வைத்துக்கொண்டு செத்தவனை எடைபோட முடியுமா? அதனால் கீழே நான் சொல்வதில் ‘அசீரியர் சொல்கிறார்கள்’ என்று வருகிற இடங்களைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடே படியுங்கள்.

ஈலாம் எங்கே இருந்தது?

இன்றைய ஈரானின் தென்மேற்கு மூலை. கூசெஸ்தான் சமவெளியும் அதற்குக் கிழக்கே ஃபார்ஸ் மலைப்பகுதியும். சமவெளியில் சூசா, மலைப்பக்கம் அன்ஷான், இந்த இரண்டும்தான் பழைய தூண்கள். தெயும்மான் காலத்தில் மதக்து, ஹிதாலு என்ற ஊர்களும் அரச இருப்பிடங்களாக இருந்தன. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது ‘ஏலாம்’. எஸ்தர் கதை நடக்கும் சூசான் அரண்மனை இந்த சூசாவில் இருந்ததுதான், ஆனால் அது பாரசீகர் காலத்து விஷயம், நம் கதைக்கு அப்புறம்.

சமவெளிக்காரனும் மலைக்காரனும் ஒரே அரசுக்குள் இருப்பது ஈலாமின் பலமும் பலவீனமும். மேற்கேயிருந்து படை வந்தால் மலைக்கு ஏறிவிடலாம், படை போனதும் இறங்கி வரலாம். அதே சமயம் அரசர் ஓரிடத்தில் இருந்தால் வாரிசு ஒருவர் இன்னோரிடத்தில் தனிக்கச்சேரி வைப்பதும் சுலபம்.

அசீரியாவுக்கும் ஈலாமுக்கும் என்னதான் பிரச்சினை? எல்லையா?

பிரச்சினை பாபிலோன். அசீரியா வடக்கே, இன்றைய மோசூல் பக்கம். ஈலாம் தென்கிழக்கே. நடுவில் பணக்கார, பழம்பெருமை வாய்ந்த, யாருக்கும் அடங்காத பாபிலோன். அசீரியா அதை விழுங்கப் பார்க்கும், அது திமிறும், திமிறும்போதெல்லாம் ஈலாமிடம் உதவி கேட்கும், ஈலாம் வில்லாளிகளை அனுப்பும், சில சமயம் அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு இதே கூத்துதான்.

சொந்தப் பகையும் உண்டு. கி.மு. 694-இல் ஈலாம் அரசன் ஹல்லுஷு பாபிலோனியாவுக்குள் புகுந்தபோது, அங்கே அரசனாக உட்கார்ந்திருந்த அசீரிய இளவரசனைப் பாபிலோன்காரர்களே பிடித்து அவனிடம் ஒப்படைத்தார்கள். அந்த இளவரசன் அசுர்-நாதின்-ஷுமி, அசீரியப் பேரரசன் சென்னகெரிப்பின் மூத்த மகன், அசுர்பானிபாலுக்குப் பெரியப்பா முறை. போனவர் திரும்பவில்லை. ஐந்து வருடம் கழித்து சென்னகெரிப் பாபிலோனையே தரைமட்டமாக்கினார். அந்த வீட்டுப் பையன்களுக்கு ‘ஈலாம்’ என்ற சொல் எப்படிக் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈலாம் சாதுவான நாடு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஹம்முராபியின் சட்டக்கல்லை 1901-02-இல் பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தது பாபிலோனில் இல்லை, சூசாவில். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஈலாம் கொள்ளையடித்துக்கொண்டு வந்து வைத்த சாமான் அது.

தெயும்மானுக்கு முன்னால் யார்? அப்போதும் சண்டைதானா?

இல்லை, அதுதான் வேடிக்கை. முன்னால் இருந்த உர்தக், அசுர்பானிபாலின் தகப்பன் எசர்ஹத்தோனோடு சமாதானமாக இருந்தவர். ஈலாமில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது அசுர்பானிபால் தானியம் அனுப்பினார், எல்லை தாண்டி ஓடிவந்த ஈலாம் மக்களுக்கு இடம் கொடுத்து, மழை பெய்து அறுவடை ஆகும்வரை வைத்திருந்து திருப்பி அனுப்பினார். இதுவும் அவர் தரப்புச் செய்திதான், ஆனாலும் நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியிருந்த உர்தக் கி.மு. 664 வாக்கில் திடீரென்று பாபிலோனியாவுக்குள் படையோடு வந்துவிட்டார். அசீரியப் படை எகிப்தில் மும்முரமாக இருந்த காலம் அது. பாபிலோனியாவின் தென்பகுதித் தலைவர்கள் சிலர், முக்கியமாகக் கம்பூலு என்ற அரமேயக் குடியின் தலைவர் பெல்-இகிஷா, அவரைக் கிளப்பிவிட்டதாக அசீரியர் எழுதியிருக்கிறார்கள். படையெடுப்பு தோற்றது. கொஞ்ச நாளில் உர்தக்கும் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலியிடத்தில்தான் தெயும்மான் வந்து உட்கார்ந்தார்.

அவர் உர்தக்கின் தம்பியா, வெளியாளா?

பழைய புத்தகங்களில் தம்பி என்று இருக்கும். இப்போது பலர் அதை ஏற்பதில்லை. அதே மாதிரி, சூசாவில் கிடைத்த ஈலாமியக் கல்வெட்டுகளில் வரும் தெப்தி-ஹும்பன்-இன்ஷுஷினக் என்ற அரசன்தான் அசீரியரின் ‘தெயும்மான்’ என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அந்த அரசன் பிற்காலத்தவன் என்று இப்போது வாதிடுகிறார்கள். அப்படியென்றால் தெயும்மானின் சொந்தக் குரல் என்று கையில் இருந்த கொஞ்சமும் போய்விடுகிறது.

சரி, முறைப்படி வந்தவரா பறித்தவரா என்பதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. அவர் அரியணை ஏறியதும் யார் யார் ஓடினார்கள் என்று பாருங்கள்.

யார் ஓடினார்கள்?

உர்தக்கின் மகன்கள் மூவர்: உம்மானிகாஷ், உம்மானாப்பா, தம்மரிது. உர்தக்குக்கு முன்னால் ஆண்டவரின் மகன்கள் இருவர்: குதுர்ரு, பாரு. இவர்களோடு அரச குடும்பத்தவர் 60 பேர், அதற்குமேல் கணக்கில்லாத வில்லாளிகள், பெரிய குடும்பத்து ஆட்கள். இருந்தால் உயிர் மிஞ்சாது என்று அத்தனை பேரும் கிளம்பி, நேரே அசீரியத் தலைநகரான நினிவேயில் போய் அசுர்பானிபாலின் காலைப் பிடித்தார்கள்.

இதில் யோசிக்க வேண்டியது அசுர்பானிபாலின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்பதை. முந்தைய இரண்டு அரசர்களின் வாரிசுகள், மொத்தமாக. எப்போது வேண்டுமானாலும் ஒருவருக்குப் பட்டு உடுத்தி, பின்னால் ஒரு படையை அனுப்பி, ‘இதோ உங்கள் உண்மையான அரசர்’ என்று சூசாவுக்கு அனுப்பலாம். தெயும்மானுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அதனால்தான் ‘அவர்களைத் திருப்பி அனுப்பு’ என்று கேட்டாரா?

ஆமாம். மாதா மாதம் தூது போனது என்கிறது அசீரியப் பதிவு. உம்பதாரா, நபு-தமிக் என்று தூதர்கள் பெயர்கூட இருக்கிறது. அசுர்பானிபால் இதையெல்லாம் ‘திமிர் பிடித்த கடிதங்கள்’ என்று எழுதிவைத்திருக்கிறார். அகதிகளை அனுப்பவில்லை. தூதர்களையும் திருப்பி அனுப்பாமல் பிடித்துவைத்துக்கொண்டார்.

இதில் நான் தெயும்மான் பக்கம். ஓடிப்போனவர்களை ஒப்படைப்பது அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் சாதாரணமாக வருகிற விஷயம், அசீரியாவே மற்றவர்களிடம் விடாமல் கேட்டு வாங்கிய விஷயம். அடைக்கலம் கொடுப்பது பெருந்தன்மையாகத் தெரியலாம், ஆனால் இங்கே அது ஒரு ஆயுதக் கிடங்கு. அண்டை வீட்டுக்காரன் என் பங்காளிகளை எல்லாம் தன் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் கடுப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் கேட்டதோடு நிறுத்தாமல் படை திரட்டினார். அங்கேதான் கணக்குத் தப்பியது.

சந்திர கிரகணம், வலிப்பு என்றெல்லாம் சொல்கிறார்களே, உண்மையா?

கிரகணம் உண்மை. தம்மூஸ் மாதத்தில் நடந்ததாக அசீரியப் பட்டயம் சொல்வதை கி.மு. 653 ஜூலை 13 சந்திர கிரகணத்தோடு வானியல் கணக்கு பொருத்துகிறது. இந்த மொத்தக் கதைக்கும் வருடம் குறிக்க நமக்கு உதவுகிற ஆணி இதுதான். கிரகணம் என்றால் ஏதாவது ஒரு அரசனுக்கு ஆகாது என்பது அன்றைய நம்பிக்கை. எந்த அரசனுக்கு என்பதில்தான் குறிசொல்கிறவர்களுக்கு வேலை. ‘ஈலாம் அரசனுக்கு’ என்று நினிவேயில் சொன்னார்கள். வேறு யாருக்கு என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு உயிரோடு இருக்க வேண்டாமா?

வலிப்பு விஷயம், தெயும்மானுக்கு உதடு கோணியது, கண் திருகியது, நடுவில் நினைவு தப்பியது என்று விவரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. பக்கவாதமாக இருக்கலாம், வெறும் ஏச்சாகவும் இருக்கலாம். அப்புறமும் அவர் வெட்கப்படாமல் படை திரட்டினார் என்று வேறு சேர்த்திருக்கிறார்கள். நோயாளியாகவே இருந்தாலும் களத்துக்குப் போனவர் அவர்.

அசுர்பானிபால் களத்துக்குப் போகவில்லையா?

‘நான் போனேன், நான் வென்றேன்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவரே எழுதிய இன்னொன்றைப் படித்தால் சிரிப்பு வரும். தெயும்மான் கிளம்பிவிட்டார் என்ற செய்தி வந்தபோது அவர் அர்பேலாவில், அதாவது இன்றைய எர்பிலில், இஷ்தார் அம்மன் திருவிழாவில் இருந்தார். அம்மன் முன்னால் நின்று கண்ணீர் விட்டு முறையிட்டார். அன்று இரவே ஒரு குறிசொல்கிறவருக்குக் கனவு. இரண்டு தோளிலும் அம்பறாத்தூணி தொங்க, ஒரு கையில் வில், உருவிய வாளோடு இஷ்தார் வந்து, அரசனிடம் தாய் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினாளாம். நீ இங்கேயே இரு, சாப்பிடு, குடி, பாட்டு கேள், என்னைக் கும்பிடு, நான் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று. உன் முகம் வாடாது, உன் கால் நோகாது என்றும் சொன்னாளாம்.

அரசனை ஊரிலேயே உட்காரவைக்க இதைவிட மரியாதையான காரணம் கிடைக்குமா? இந்தப் போரைக் காட்டும் அசீரியச் சிற்பத்திலும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) சண்டை நடக்கும் இடத்தில் அவர் கிடையாது. தளபதிகளும் படையும்தான் போனார்கள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

தில்-தூபா போர் எப்படி நடந்தது?

அசீரியப் படை எலூல் மாதத்தில், நம் கணக்கில் ஆகஸ்ட்-செப்டம்பர் வாக்கில், கிளம்பி எல்லையிலிருந்த தேர் என்ற ஊருக்கு வந்தது. (ஊரின் பெயரே தேர்தான், ரதம் இல்லை. தமிழில் எழுதும்போது இது ஒரு தொல்லை.) முன்னால் வந்திருந்த தெயும்மான், எதிரி இவ்வளவு சீக்கிரம் வருவான் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது, சூசாவுக்குப் பின்வாங்கினார். பொன்னையும் வெள்ளியையும் மக்களுக்கு வாரிக் கொடுத்துப் படை சேர்த்தார் என்கிறார்கள். உலாய் ஆற்றை அரணாக வைத்துக்கொண்டு அணிவகுத்தார். தில்-தூபா என்பது அந்த ஆற்றோரத்து மேட்டின் பெயர்.

போரின் நடையைப் பற்றி எழுத்தில் அதிகம் இல்லை. முடிவு மட்டும் இருக்கிறது: ஆறு பிணத்தால் அடைபட்டது, தண்ணீர் ரத்தமானது, சூசாவைச் சுற்றியிருந்த வெளியெல்லாம் முள்ளும் புதரும் மூடியது போலச் சடலம் மூடிக் கிடந்தது. மிகையைக் கழித்தாலும் ஈலாம் படை அன்று ஆற்றுக்கும் எதிரிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது என்பது தெளிவு. அரணாக இருக்க வேண்டிய ஆறு பொறியாகிவிட்டது.

அந்தச் சிற்பத்தில் என்ன இருக்கிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். நினிவேயின் தென்மேற்கு அரண்மனையில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய அகழாய்வாளர் லேயார்ட் தோண்டியபோது கிடைத்த சுண்ணாம்புக்கல் பலகைகள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல் பார்வையில் ஒன்றுமே புரியாது. ஆள்மேல் ஆள், குதிரைமேல் குதிரை, வெட்டிய தலை, ஒடிந்த வில், கழுகு, ஒரே நெரிசல். தலைக்கவசம் கூம்பாக இருந்தால் அசீரியன், நெற்றியில் துணிப்பட்டை கட்டிப் பின்னால் முடிச்சுத் தொங்கினால் ஈலாமியன். இதைப் பிடித்துக்கொண்டால் கண் பழகிவிடும். வலது ஓரத்தில் மேலிருந்து கீழே ஓடுகிற பட்டைதான் ஆறு. அதில் மீன்களுக்கு நடுவே மனிதர்கள், குதிரைகள், அம்பறாத்தூணிகள் மிதக்கின்றன.

நெரிசலுக்குள் ஒரு ஆளை மட்டும் தொடருங்கள். வழுக்கை ஏறிய நெற்றி, எடுப்பான மூக்கு. அவர்தான் தெயும்மான். இன்றைய படக்கதை மாதிரி அவர் ஒரே காட்சிக்குள் திரும்பத் திரும்ப வருவார். முதலில் அவர் வண்டி கவிழ்கிறது, தலைக்குப்புற விழுகிறார், அரசத் தொப்பி தெறித்துப் போகிறது. அப்புறம் முதுகில் அம்பு தைத்திருக்க, மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடுகிறான். சுற்றி வளைத்துவிட்டார்கள். தகப்பன் மண்டியிட்டிருக்கிறார், மகன் வில்லை வளைக்கிறான். மேலே பொறித்த வரி: தெயும்மான் நம்பிக்கை இழந்து மகனிடம் ‘வில்லை எய்’ என்றார். அதற்கடுத்த காட்சியில் மகனைத் தண்டத்தால் அடிக்கிறார்கள், தகப்பனின் தலையை வெட்டுகிறார்கள்.

மகன் பெயர் தம்மரிது. உர்தக்கின் மகன் ஒருவருக்கும் இதே பெயர் என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதிரியை இழிவுபடுத்த வெட்டிய சிற்பம்தான் இது. ஆனாலும் அப்பனை விட்டு ஓடாத அந்தப் பிள்ளையை அந்தச் சிற்பி எப்படிச் செதுக்கியிருக்கிறான் என்று பார்த்தால், உளியைப் பிடித்த கைக்கு இரக்கம் இருந்ததோ என்று எனக்குத் தோன்றும்.

வேறு யாரையாவது பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறார்களா?

இரண்டு பேரை அவசியம் பார்க்க வேண்டும். ஒருவர் இதுனி, தெயும்மானின் அதிகாரி. பிடிபட்ட நொடியில் இடுப்பிலிருந்த இரும்புக் கத்தியை எடுத்துத் தன் வில்லைத் தானே அறுக்கிறார். வில்லுக்குப் பேர்போன நாடு ஈலாம். அந்தச் செய்கைக்கு விளக்கவுரை தேவையில்லை.

இன்னொருவர் உர்தக், செத்துப்போன அரசன் இல்லை, அதே பெயரில் தெயும்மானின் சம்பந்தி வீட்டு மனிதர். அம்பு பட்டுக் கிடக்கிறார், உயிர் போகவில்லை. அசீரிய வீரன் ஒருவனைக் கூப்பிட்டு, ‘வா, என் தலையை வெட்டு, உன் அரசனிடம் கொண்டுபோய் நல்ல பேர் வாங்கிக்கொள்’ என்கிறார். வலி தாங்காமல் கேட்டதா, கேலியா, இரண்டும் கலந்ததா என்று படிக்கிறவர் மனதைப் பொறுத்தது.

தலை எங்கே போனது?

முதலில் ஒரு கூடாரத்துக்கு. அங்கே தலைகள் குவிந்திருக்கின்றன, எது யாருடையது என்று அடையாளம் காட்டுகிறார்கள். அங்கிருந்து வண்டியில் ஏற்றி, நற்செய்தியாக அசீரியாவுக்கு. ஒருவன் தலையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வண்டியில் பறக்கிற காட்சியும் சிற்பத்தில் உண்டு. வெட்டியவன் படையில் ஒரு சாதாரணச் சிப்பாய் என்று பொறித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த அவமானம் அது: பேரரசன் கை படக்கூட நீ லாயக்கில்லை.

நினிவேயில் பிடித்துவைத்திருந்த தூதர்கள் நினைவிருக்கிறதா? தங்கள் அரசனின் தலையைப் பார்த்ததும் உம்பதாரா தாடியைப் பிய்த்துக்கொண்டார், நபு-தமிக் இடுப்புக் கத்தியை எடுத்துத் தன் வயிற்றிலேயே குத்திக்கொண்டார்.

திரும்பும் வழியில் படை கம்பூலுவையும் அழித்தது. பெல்-இகிஷாவின் மகன் துனானுவைப் பிடித்து, தெயும்மான் தலையை அவர் கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டு, பாட்டுக்காரர்களோடு நினிவேக்குள் ஊர்வலம் விட்டார்கள். தலையின் முகத்தைக் கீறி அதன்மேல் துப்பியதாக அசுர்பானிபாலே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். பிறகு நகர வாசலில் காட்சிக்கு வைத்தார்கள்.

இதற்கெல்லாம் உச்சம் வடக்கு அரண்மனையில் கிடைத்த தோட்டக் காட்சி. திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழே அசுர்பானிபால் கட்டிலில் சாய்ந்து கிண்ணம் ஏந்தியிருக்கிறார், எதிரே அரசி லிப்பாலி-ஷர்ரத், சுற்றி விசிறிக்காரிகள், மரங்களில் குருவிகள், ஒருவர் யாழ் வாசிக்கிறார். வெகு அமைதியான படம். இடது பக்க மரத்தில் ஏதோ பழம் மாதிரி தொங்குகிறதே என்று உற்றுப் பார்த்தால், தெயும்மான் தலை.

அடுத்து ஈலாமுக்கு யார் அரசர்?

திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்தான், உம்மானிகாஷ். அவருக்கு சூசாவும் மதக்துவும், தம்பி தம்மரிதுவுக்கு ஹிதாலு. அசீரிய அதிகாரி ஒருவர் கையைப் பிடித்து மதக்துவுக்குள் கூட்டிப்போகும் காட்சியும் அதே சிற்ப வரிசையில் இருக்கிறது. ஊர் மக்கள் யாழும் குழலுமாக எதிர்கொண்டு வருகிறார்கள், குழந்தைகள் கை தட்டுகிறார்கள், ஒரு பெண் தொண்டையில் கை வைத்துக் குலவையிடுகிறாள். இந்த ஆரவாரத்துக்குக் கீழேயே ஆறு ஓடுகிறது, அதில் இன்னும் பிணங்கள்.

வெற்றி அசுர்பானிபாலுக்கு நிலைத்ததா?

ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. கி.மு. 652-இல் அவருடைய சொந்த அண்ணன், பாபிலோன் அரசன் ஷமாஷ்-ஷும்-உகின், கலகம் செய்தார். உம்மானிகாஷ் யார் பக்கம்? சோறு போட்டு வளர்த்து அரியணையில் ஏற்றிய நினிவேயை விட்டுவிட்டு, பாபிலோன் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அதோடு நிற்காமல் தெயும்மானின் இன்னொரு மகன் உந்தாசியைக் கூப்பிட்டு, ‘போ, உன்னைப் பெற்றவனுக்காக அசீரியாவிடம் பழிவாங்கு’ என்று களத்துக்கு அனுப்பினார். தெயும்மானுக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடியவர், தெயும்மான் பெயரைச் சொல்லியே படை அனுப்புகிறார்! அரசியல் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இப்படித்தான். அந்தப் படையும் தோற்றது.

அப்புறம் தம்மரிது என்ற பெயரில் ஒருவர் உம்மானிகாஷைக் கவிழ்த்தார். ‘ஈலாம் அரசனின் தலையை அவன் நாட்டிலேயே, அவன் படைக்கு நடுவிலேயே வெட்டுவார்களா?’ என்று இந்தத் தம்மரிது ஏளனமாகப் பேசியதாக அசீரியர் குறித்திருக்கிறார்கள். உம்மானிகாஷ் அசீரியத் தூதர் முன் தரையை முத்தமிட்டதையும் குத்திக்காட்டினாராம். சூசாவில் ஒரு தலைமுறைக்கே அந்தத் தலை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்பதற்கு இந்த ஒரு வசனம் போதும். அவரையும் இந்தபிபி என்பவர் விரட்டினார். அவருக்குப் பின் மூன்றாம் ஹும்பன்-ஹல்தாஷ். பாபிலோன் கி.மு. 648-இல் விழுந்தது, அசுர்பானிபால் ஈலாம் பக்கம் திரும்பினார்.

சூசா அழிந்தது அப்போதுதானா?

ஆமாம், கி.மு. 647-646 வாக்கில். அவரே பட்டியல் போடுகிறார்: கருவூலத்தைத் திறந்தேன், நீலச் செங்கல்லால் கட்டிய கோபுரக் கோயிலை இடித்தேன், அதன் செப்புக் கொம்புகளை ஒடித்தேன், தெய்வங்களை அள்ளிப் போனேன், அரசர் சிலைகள் 32 எடுத்தேன், பழைய அரசர்களின் கல்லறையைத் திறந்து எலும்புகளை அசீரியாவுக்குக் கொண்டுபோனேன், நிலத்தில் உப்பைத் தூவினேன். எலும்பைத் தூக்கிப்போனது வெறும் வெறி இல்லை. செத்தவர்களுக்குப் படையலும் தண்ணீரும் கிடைக்காமல் செய்வது அதன் நோக்கம் என்று அவரே சொல்கிறார். பெரியப்பாவைக் கொண்டுபோன ஹல்லுஷுவின் சிலையைத் தேடிப்பிடித்து, சிரித்த வாயையும் வில் பிடித்த கையையும் சிதைத்திருக்கிறார்கள். 694-இன் கணக்கு ஐம்பது வருடம் கழித்துத் தீர்ந்தது.

இத்தனையும் செய்து என்ன கிடைத்தது? ஈலாமை அசீரிய மாகாணமாக நிலையாக ஆள முடியவில்லை. கி.மு. 626-இல் பாபிலோனின் புது அரசன் நபொபொலாசர், அசீரியர் கொண்டுபோன சூசாவின் தெய்வங்களைத் திருப்பி அனுப்பிவைத்தார், அதாவது பெற்றுக்கொள்ள அங்கே யாரோ இருந்தார்கள். கி.மு. 612-இல் மேதியரும் பாபிலோனியரும் நினிவேயைக் கொளுத்தினார்கள். அந்தத் தோட்டக் காட்சியில் இன்று பார்த்தால் அரசன் அரசி இருவர் முகமும் கொத்தப்பட்டிருக்கும். யாரோ உளியோ கல்லோ எடுத்து, ஆளைத் தேடிச் செய்த வேலை.

ஈலாமிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு என்கிறார்களே?

தினமும் வரும் கேள்வி. ஈலாமிய மொழி சுமேரியத்துக்கோ அக்காடியத்துக்கோ பாரசீகத்துக்கோ உறவில்லாதது, பெரும்பாலானோர் அதைத் தனிமொழி என்றே வைத்திருக்கிறார்கள். ஆனால் திராவிட மொழிகளோடு ஒப்பிடும் முயற்சி பழசு. ஈரானின் பெகிஸ்துன் பாறையில் பாரசீகப் பேரரசன் தாரியஸ் பொறித்த மூன்று மொழிகளில் ஈலாமியமும் ஒன்று. அது அப்போதுதான் படிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் அதை எடுத்துப் பேசியிருக்கிறார். 1970-களிலிருந்து மொழியியலாளர் டேவிட் மெக்கால்பின் ஈலாமியமும் திராவிடமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று சொல் பட்டியலோடும் விகுதி ஒப்பீட்டோடும் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஒத்துவரும் சொற்கள் குறைவு, ஒலிமாற்ற விதிகள் தளர்வு என்பது குற்றச்சாட்டு.

எனவே ‘தெயும்மான் தமிழன்’ என்று படம் போட்டுப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். ‘பெருமான்’ மாதிரி ஒலிக்கிறது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. அந்தப் பெயரை நமக்குத் தந்ததே அசீரிய எழுத்தர்கள், அவர்கள் காதில் விழுந்தபடி.

ஈரானில் இப்போது போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சூசா இன்றைய ஷூஷ் நகரம், 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டின்மேல் ஒரு கோட்டை தெரியும், ஏமாற வேண்டாம், அது 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது, அதில் பழைய செங்கற்களும் கலந்திருக்கின்றன. உண்மையான ஈலாமைப் பார்க்க அங்கிருந்து தென்கிழக்கே சொகா சன்பில் போக வேண்டும். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் உந்தாஷ்-நபிரிஷா கட்டிய கோபுரக் கோயில், அதையும் அசுர்பானிபாலின் படை விட்டுவைக்கவில்லை, ஆனாலும் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. சுவரோடு ஒட்டி நடந்தால் கண்மட்டத்தில் எழுத்து பொறித்த செங்கல் வரிசை ஓடும். ஈலாமிய மொழியில், ஈலாம் அரசனே தன் பெயரைச் சொல்லிப் பேசுகிற வரிகள். தெயும்மானிடமிருந்து கிடைக்காதது அங்கே சுவர் முழுக்க இருக்கிறது.